செல் லைனுக்கு ‘உயிரணுக் கால்வழி’: வரிசையும் வேணாம், கோடும் வேணாம்

எல்லாருக்கும் வணக்கம்.

மீன்நோய்ச் சொற்பட்டியல்ல செல் லைனுக்கு (ஆய்வகத்துல தொடர்ந்து வளத்துட்டே வர்ற செல்லு) நேரா ‘உயிரணு வரிசை’ன்னு ஏத்தியிருக்கீங்க, அதுக்கு முந்தின பதிப்புல ‘உயிரணுக் கோடு’ன்னு இருந்துச்சு. ரெண்டையும் எடுத்துடணும்னு கேட்டுக்கறேன். வரிசைன்னு படிக்கிற பிள்ளை, செல்லுங்க எறும்பு மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்குதுன்னு நெனச்சுக்கும். மைக்ராஸ்கோப்புல பாத்தா அதுங்க ஃபிளாஸ்க்கோட அடியில பாய் விரிச்ச மாதிரி ஒட்டிப் பரவிக் கெடக்கும். அதுவுமில்லாம டிஎன்ஏ சீக்வென்ஸுக்கு ஏற்கனவே வரிசைன்னு குடுத்தாச்சு, ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா படிக்கிறவங்க பாடு திண்டாட்டம்தான்.

நான் சொல்ற சொல் ‘உயிரணுக் கால்வழி’. ஒரு மீனோட சிறுநீரகத்துலயோ மண்ணீரல்லயோ இருந்து ஒரு துண்டு எடுத்து வளக்க ஆரம்பிச்சு, அந்த செல்லு பெருகி, அதோட புள்ள, பேரன், கொள்ளுப்பேரன்னு வருஷக்கணக்கா ஓடிட்டே இருக்கறதுதான் செல் லைன். லைன்னா இங்க வம்சம். ஊருல ‘அவரு கால்வழியில யாரும் இல்ல’ன்னு சொல்றோம்ல, அதே கால்வழிதான். 1962ல வானவில் ட்ரௌட் மீனோட இனப்பெருக்க உறுப்புல இருந்து எடுத்த ஆர்டிஜி-2தான் நிலைச்சு நின்ன முதல் மீன் கால்வழி, இன்னைக்கும் ஆய்வகங்கள்ல ஓடிட்டு இருக்கு. இந்தியாவுல முதல் கடல்மீன் கால்வழி நம்ம மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில கொடுவா மீனோட சிறுநீரகத்துல இருந்து உருவாக்கினது, 2006ல கட்டுரை வந்துச்சு. இத நம்ம பட்டியல்ல எடுத்துக்காட்டா சேக்கணும்.

> கால்வழின்னா நடந்து போற பாதைன்னு தோணுதே, கொடிவழின்னு வச்சா என்ன?

அக்கா, கொடிவழி நல்ல சொல்தான், ஆனா கொடிவழின்னா கெளை கெளையா பிரியற குடும்பப் படம் மனசுல வருது. அத பரிணாமம் பேசறப்ப வச்சுக்கலாம். இங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இந்த ஃபிளாஸ்க்குல இருக்கற செல்லு யாரோட வழியில வந்துச்சு? இது சும்மா சொல்லழகுக்குக் கேக்கற கேள்வி இல்ல. ஈபிசின்னு ஒரு கால்வழி, 1983ல கெண்டை மீனோட தோல் கட்டியில இருந்து வந்ததா எழுதினாங்க, உலகம் முழுக்க மீன் வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் அதத்தான் பயன்படுத்தினாங்க. கடைசியில பாத்தா புழக்கத்துல இருக்கற ஈபிசி செல்லு கெண்டையே இல்ல, ஃபேட்ஹெட் மின்னோங்கற வட அமெரிக்கச் சின்ன மீனோடதுன்னு 2010ல கட்டுரை வந்துச்சு. நடுவுல எங்கயோ வேற செல்லு கலந்து, அதுவே பெருகி, பழையத ஒழிச்சுக் கட்டியிருக்கணும். ‘கெண்டை செல்லுக்குள்ள பாக்டீரியா இப்படி நுழையுது’ன்னு எழுதின எத்தனையோ வரிய திரும்பப் படிக்க வேண்டியதாச்சு. ‘உயிரணு வரிசை’ன்னு சொன்னா இந்தக் கேள்வியே எழாது. கால்வழின்னு சொன்னா எந்த மீன், எந்த உறுப்புன்னு வாய் தானா கேக்கும்.

அடுத்தது பாசேஜ், அதாவது நெறஞ்சு போன செல்ல புது ஃபிளாஸ்க்குக்கு மாத்தறது. ‘பாசேஜ் 30’ங்கறத ‘பத்தி 30’ன்னு ஒரு மொழிபெயர்ப்புல பாத்தேன், மனசு வலிச்சுது. ‘தலைமுறை’ன்னு ஐயா சொன்னதும் சரியா வராது, ஏன்னா ஒரு பாசேஜுக்குள்ள செல்லு ஒரு தடவைக்கு மேலயும் பிரிஞ்சிருக்கும். வேலைய நெனச்சுப் பாருங்க. ஃபிளாஸ்க்கு நெறஞ்சு செல்லுக்கு எடம் பத்தாம போகும், ட்ரிப்சின்ங்கற நொதிய ஊத்தி ஒட்டினத கழட்டி, ரெண்டு இல்ல மூணு புது ஃபிளாஸ்க்குல பிரிச்சு விட்டு, எல்-15ங்கற மீடியமும் (செல்லுக்கு ஊட்டம் தர்ற திரவம்) சீரமும் குடுத்து வைப்போம். நாற்றங்கால்ல நெருங்கி வளந்தத பறிச்சு வயல்ல நடறதேதான் இது. அதனால ‘மறுநடவு’, பாசேஜ் நம்பருக்கு ‘நடவு எண்’. ஃபிளாஸ்க்கு மேல மார்க்கர்ல ‘ந 42’ன்னு எழுதினா எவ்வளவு சுருக்கமா இருக்கும்.

> ஜென்டாமைசின் பாதுகாப்புச் சோதனை — இது சரிதானே?

இது சரியில்ல, கொஞ்சம் வெளக்கமா சொல்றேன். எட்வர்ட்சியெல்லா மாதிரி பாக்டீரியா மீனோட செல்லுக்கு வெளிய ஒட்டறதோட நிக்காது, உள்ள பூந்து அங்கயே பெருகும். எத்தன உள்ள போச்சுன்னு எண்ணணும்னா, மொதல்ல செல்லு மேல பாக்டீரியாவ விட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் வைக்கணும். அப்புறம் கழுவிட்டு ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாடிக்க ஊத்தணும், அந்த மருந்து செல்லோட சவ்வ லேசுல தாண்டாது, அதனால வெளிய இருக்கறது சாகும், உள்ள பூந்தது பொழைக்கும். மருந்தையும் கழுவிட்டு செல்ல ஒடச்சு, உள்ள இருந்தத அகர் தட்டுல பரப்பினா, மறுநாள் காலனி எண்ணிக்கலாம். இதுல பாதுகாப்புக் கெடைக்கறது பாக்டீரியாவுக்கு, குடுக்கறது செல்லு. ‘ஜென்டாமைசின் பாதுகாப்பு’ன்னா மருந்து யாரையோ காப்பாத்துதுன்னு நேர்மாறா புரிஞ்சுக்குவாங்க. ‘பதுங்கல் சோதனை’ன்னு வைக்கலாம்னு எனக்குத் தோணுது. ஒட்டல், உட்புகல், பதுங்கல், மூணும் தனித்தனிப் படி, மூணுக்கும் தனிச் சொல் வேணும்.

இத சொல்றப்ப என் சொந்த அனுபவம் ஒண்ணு. படிக்கிறப்ப இந்தச் சோதனைய மொத மொதல்ல நான் பண்ணப்ப தட்டு ரெண்டு நாளும் வெறுமையா இருந்துச்சு, ஒரு காலனி கூட இல்ல. பாக்டீரியா உள்ளயே போகலன்னு முடிவு பண்ணி நோட்டுல எழுதிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, செல்லு கெட்டுப் போகாம இருக்க மீடியத்துல பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்திருந்தோம், அத மாத்தாம அப்படியே பாக்டீரியாவ விட்டிருக்கேன், உள்ள நுழையறதுக்கு முன்னாடியே எல்லாம் செத்திருக்கும்.

சிலி நாட்டு சால்மன் கதையும் இதேதான், என்னோடத விட ரொம்பப் பெருசு. 1980கள் கடைசியில அங்க கோஹோ சால்மன் கொத்துக் கொத்தா செத்துச்சு. செல்லுல வைரஸ் தேடறப்ப வழக்கமா ஆன்டிபயாடிக் போடுவாங்க, போட்டா இந்தக் கிருமி தலையே காட்டாது. ஆன்டிபயாடிக் இல்லாம, சினூக் சால்மன் கருவுல இருந்து வந்த சிஎச்எஸ்இ-214 கால்வழியில வளத்தப்பதான் 1989ல அது மாட்டுச்சு, பாத்தா வைரஸ் இல்ல, செல்லுக்குள்ளயே வாழற பாக்டீரியா. 1992ல பிசிரிக்கெட்சியா சால்மோனிஸ்னு பேரு வச்சாங்க, 2008 வாக்குலதான் செல்லு இல்லாம அகர்ல வளக்க முடிஞ்சுது, அது வரைக்கும் மீன் செல்லுதான் அதுக்கு வீடு. அதனால ‘ஆன்டிபயாடிக் இல்லா மீடியம்’ங்கறதுக்கும் பட்டியல்ல தனி எடம் குடுங்க, ‘மருந்தில்லா வளர்ப்பூட்டம்’னு வைக்கலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டிருந்தாரு, அங்க பாடநூல்ல செல்லுக்கு கலம், திசுவுக்கு இழையம்னுதானே இருக்குன்னு. ‘கலக் கால்வழி’ன்னு இணைச்சுக்கலாம், ரெண்டையும் பட்டியல்ல போடுங்க, கால்வழி ரெண்டுக்கும் பொதுவா இருக்கட்டும்.

எனக்குச் சொல் கெடைக்காதது ஒண்ணு இருக்கு. பாக்டீரியா விட்டு கொஞ்ச நேரத்துல, அதுவும் ஏரோமோனாஸ்ங்கற பாக்டீரியான்னா அதோட நச்சு செல்லு சவ்வுல ஓட்டை போடறதால, நீட்டமா ஒட்டியிருந்த செல்லுங்க கைகால மடக்கி உருண்டையாகும், பக்கத்துல இருக்கறத விட்டுப் பிரியும், பாயில அங்கங்க ஓட்டை விழும், கடைசியில மொத்தமா கழண்டு மீடியத்துல மெதக்கும். இத எல்லாத்தையும் சேத்து இங்கிலீஷ்ல ‘சைட்டோபேத்திக் எஃபெக்ட்’னு ஒரே பேருல சொல்றாங்க. ‘உயிரணுச் சிதைவு’ன்னா செல்லு ஒடைஞ்சு போனது மட்டும்தான் வருது, உருண்டு கழலறது வரல. ‘பாய் கிழிதல்’னு ஆய்வகத்துல எங்களுக்குள்ள சொல்லிக்குவோம், பட்டியலுக்கு அது போதாது. உங்ககிட்ட நல்ல சொல் இருந்தா எழுதுங்க.