தபால்காரர் வேலைக்கு எழுத்துத் தேர்வு உண்டா? (ஜிடிஎஸ், வேலூர் கோட்டம்)

ஒடுகத்தூரான்:
சித்தப்பா பையனுக்காகக் கேட்கிறேன். பத்தாவதுல 462/500, பி.சி., வயசு 22. தபால்காரர் வேலைதான் வேணும்னு நிக்கிறான். இங்க ஒரு டுடோரியல்ல "எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி"ன்னு பணம் கேக்குறாங்க. நிஜமாவே தேர்வு இருக்கா? விண்ணப்பத்துல பசங்க எங்க கோட்டை விடுறாங்க?

பாலாறு:
பணத்தைக் கட்டாதீங்க. ஜிடிஎஸ்ஸுக்கு (கிராமிய டாக் சேவக், அதாவது கிராம அஞ்சலகங்கள்ல தபால் வேலை பார்க்கிறவங்க) தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை. பத்தாவது மார்க்கை வச்சு கம்ப்யூட்டரே பட்டியல் போடும். பிளஸ் டூ, டிகிரி எதுக்கும் கூடுதல் மதிப்பு கிடையாது. வயசு 18 முதல் 40 வரை, ஓ.பி.சி.க்கு 3 வருஷம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷம் தளர்வு. கட்டணம் 100 ரூபாய். பெண்கள், திருநங்கைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு அதுவும் இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரியணும். பைக் ஓட்டுவான்னா அதுவே போதும்.

மார்க்கை நாலு தசம ஸ்தானம் வரை பார்ப்பாங்க. தம்பிக்கு 92.4000. ஆனா நம்ம போர்டுல மொத்தமே 500 என்பதால ஒரு மார்க்குக்கு 0.2 சதவீதம். அதனால ஒரே சதவீதத்துல கும்பலா நிப்பாங்க, தசமம் உதவாது. அப்போ பிறந்த தேதியைப் பார்ப்பாங்க. வயசுல மூத்தவருக்குத்தான் முன்னுரிமை. 22 வயசுக்காரனுக்கு இது கொஞ்சம் பாதகம்தான்.

சம்பளத்தை டிஆர்சிஏன்னு சொல்வாங்க. 4 மணி நேர வேலைக்கு பி.பி.எம். (கிளை அஞ்சலகத்தோட போஸ்ட் மாஸ்டர்) 12,000-ல தொடங்கும், ஏ.பி.பி.எம். (அவருக்கு உதவியாளர்), டாக் சேவக் 10,000-ல தொடங்கும். அகவிலைப்படி தனி. இது நிரந்தர மத்திய அரசு ஊழியர் பதவி இல்லைன்னு வீட்டுல முதல்லயே சொல்லிடுங்க. பொண்ணு பார்க்கும்போது பிரச்சினை வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன்:
மார்க் இருந்தும் சரிபார்ப்புல திரும்பி வர்றவங்க நிறைய. முதல் காரணம் சாதிச் சான்று. பள்ளிக்கூடத்துல குடுத்த பி.சி., எம்.பி.சி. சான்று இங்க செல்லாது. மத்திய அரசு படிவத்துல, கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லைன்னு குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்று தனியா வாங்கணும். இ-சேவையில போட்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு நகரணும், அறிவிப்பு வந்தப்புறம் ஓடினா கையில கிடைக்காது. மாநிலப் பட்டியல்ல பி.சி.யா இருக்கிற எல்லா சாதியும் மத்தியப் பட்டியல்ல இல்லை, அதையும் பார்த்துக்கங்க.

அடுத்தது பெயர். மார்க் ஷீட்ல "கே. சதீஷ்", ஆதார்ல "சதீஷ் குமரேசன்"னு இருக்கும். பதிவு செய்யும்போது மார்க் ஷீட்ல உள்ளபடியே அடிக்கணும். ஒரு தடவைதான் பதிவு. வேற நம்பர், வேற மெயில்னு ரெண்டாவது போட்டா ரெண்டுமே போகும்.

மொழி: பத்தாவது வரை தமிழ் படிச்சிருக்கணும், கணிதமும் ஆங்கிலமும் இருக்கணும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுல உருது மீடியம் படிச்ச பிள்ளைங்க மார்க் ஷீட்ல தமிழ் இருக்கான்னு பார்த்துட்டுப் போடட்டும். 2021-ல மார்க்கே இல்லாம "தேர்ச்சி"ன்னு மட்டும் சான்று வாங்கினவங்க, அறிவிக்கையில மார்க் கணக்குப் பத்தியைப் படிச்சபிறகு பணம் கட்டுங்க.

ஒடுகத்தூரான்:
நன்றி சார். பி.பி.எம்., டாக் சேவக் ரெண்டுல எதை முதல் விருப்பமா வைக்கிறது? கோட்டம் எது போடணும்?

கோட்டை வாசல்:
கோட்டம் (அஞ்சல் துறையோட பிரிவு) ஒண்ணே ஒண்ணுதான் தேர்ந்தெடுக்க முடியும். வேலூர் மாவட்டம் 2019-ல மூணா பிரிஞ்சுது, ஆனா வேலூர், அரக்கோணம், திருப்பத்தூர் கோட்டங்கள் அதுக்கு முன்னாடியே போட்ட கணக்கு. "எங்க ஊரு ராணிப்பேட்டை மாவட்டம்"னு நினைச்சு போடாம, வேணுங்கிற கிளை அஞ்சலகம் எந்தக் கோட்டத்துல வருதுன்னு பட்டியல்ல தேடுங்க. ஒவ்வொரு பணியிடத்துக்கு நேராவும் பொது, ஓ.பி.சி., எஸ்.சி.ன்னு எழுதியிருக்கும். அவனுக்குப் பொதுவும் ஓ.பி.சி.யும் திறந்திருக்கு.

பி.பி.எம். ஆனா ஆபீஸுக்கு இடம் நீங்கதான் காட்டணும், ஊருக்கு நடுவுல, ஜனங்க வந்துபோற மாதிரி. வேலைக்கு எடுத்தா அந்த ஊர்லயே குடியிருக்கணும். டாக் சேவக் அந்த அஞ்சலக எல்லைக்குள்ள இருந்தா போதும். வேலூர் டவுனுக்குப் பக்கத்து ஊருக்குப் போட்டி அதிகம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலை மேல இடம் வந்தா கூட்டம் குறையும். ஆனா "அப்புறம் மாத்திக்கலாம்"னு நினைச்சு வைக்காதீங்க, மாற்றல் அவ்வளவு சுலபமில்லை. நிஜமா குடியிருக்க முடியாத ஊரைப் பட்டியல்லயே சேர்க்கக் கூடாது. ஒரு இடம் ஒதுக்கியாச்சுன்னா, கீழே வச்ச விருப்பமெல்லாம் ரத்து.

முதல் பட்டியல்ல பேர் இல்லைன்னா மனசு விடவேண்டாம். அதிக மார்க்காரங்க பலர் சேரமாட்டாங்க, அதனால அடுத்தடுத்து பட்டியல் வரும். பேர் வந்தா எஸ்.எம்.எஸ்.ஸும் மெயிலும் வரும், சொன்ன தேதிக்குள்ள அசலோட ரெண்டு செட் சுய கையொப்பமிட்ட நகல் கொண்டு போகணும். அரசு டாக்டர் குடுத்த உடற்தகுதிச் சான்று கட்டாயம், ஆரம்ப சுகாதார நிலையத்துல வாங்கினா போதும். தேதியைத் தாண்டினா இடம் போச்சு. போன்ல கூப்பிட்டு "சீட் உறுதி, இவ்வளவு அனுப்பு"ன்னா அது மோசடிதான்.

நிரந்தரத் தபால்காரர் பதவி (லெவல் 3, அடிப்படை 21,700) துறைக்குள்ள தேர்வு எழுதித்தான் வரும். ஜிடிஎஸ்ஸா சில வருஷம் சர்வீஸ் போட்டப்புறம் எழுதலாம். 2019 ஜூலை 14 அன்னைக்கு இந்தத் தேர்வையே ஆங்கிலத்துலயும் இந்தியிலயும் மட்டும் நடத்தி, நாடாளுமன்றத்துல தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கிளப்பினதும் ரத்து பண்ணாங்க. இந்தத் துறைத் தேர்வுல உள்ளூர் மொழித் தாளும் கம்ப்யூட்டர் டைப்பிங்கும் இருக்கு. டுடோரியல் காசை அப்போ செலவு பண்ணட்டும்.