ரெண்டு நோட் (சர்வர் கணினி) சேர்த்து ஓட்டினால் ஒரு நோட்டை விட மெதுவாக ஓடுது, ஏன்?

கேள்வி (தண்டையார்பேட்டை)
கல்லூரியில் புதுசா கணினிவழிப் பொருளியற்பியல் ஆய்வுக்குழு தொடங்கியிருக்கோம். 2 நோட் இருக்கு. ஒவ்வொன்றிலும் 32 கோர் (கணக்குப் போடும் அலகு) கொண்ட ஏஎம்டி ஈபிக் 7003 வரிசை சிப் 1, 64 ஜிபி ரேம் கார்டு 2. நடுவில் 1 ஜிகாபிட் ஸ்விட்ச். குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ (எலக்ட்ரான் நிலைகளைக் கணக்கிடும் மென்பொருள்) கொண்டு 72 அணு டைட்டானியம் டைஆக்சைடு பரப்பு, 8 கே-புள்ளி (தனித்தனியாகக் கணக்கிடக்கூடிய மாதிரிப் புள்ளி). எஸ்சிஎஃப் (விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பப் போடும் கணக்கு) ஒரு சுற்றுக்கு 16 கோரில் 52 விநாடி, 32-ல் 49, ரெண்டு நோட்டும் சேர்த்து 64-ல் 140. விற்றவர் மூணாவது நோட் வாங்கச் சொல்றார்.

பதில் 1
வாங்காதீங்க சார். இங்கே ரெண்டு கோளாறு கலந்து கிடக்கு.

16-லிருந்து 32-க்குப் போயும் 3 விநாடிதான் மிச்சம் என்றால் கோர்கள் ரேமுக்காகக் காத்துக் கிடக்குது. அந்தச் சிப்புக்கு 8 மெமரி சேனல் (ரேமிலிருந்து சிப்புக்குத் தரவு வரும் பாதை). நீங்க நிரப்பியது 2. கால்வாசி அகலத்தில்தான் தரவு வருது. டிஎம்ஐடிகோட் கட்டளையில் எந்த ஸ்லாட் காலி என்று பாருங்க. 64 ஜிபி ரெண்டைக் கொடுத்துவிட்டு 16 ஜிபி எட்டாக மாத்துங்க. மொத்தம் அதே 128 ஜிபிதான்.

64-ல் குப்புற விழுவதற்குக் காரணம் ஸ்விட்ச். எஃப்எஃப்டி (ஃபூரியர் மாற்றக் கணக்கு) செய்யும்போது ஒவ்வொரு ப்ராசஸும் (ஒரு கோரில் ஓடும் நிரல் நகல்) மத்த எல்லாத்தோடும் தரவு மாத்திக்கணும், அது ஜிகாபிட் வயரில் நகராது. வெளியீட்டின் கடைசியில் இருக்கும் நேரக்கணக்கில் எஃப்எஃப்டி ஸ்கேட்டர் வரியைப் பாருங்க, வீங்கியிருக்கும். பிடபிள்யூ (எஸ்ப்ரெஸ்ஸோவின் முதன்மை நிரல்) கட்டளையோடு "என்கே 2" சேருங்க. கே-புள்ளி 2 குழுவாக, நாலு நாலாகப் பிரிஞ்சு, ஒவ்வொரு குழுவும் தன் நோட்டுக்குள்ளேயே எஃப்எஃப்டி முடிச்சுக்கும். எம்பிஐயில் (ப்ராசஸ்களைப் பல நோட்டில் பரப்பி ஓட்டும் கருவி) "மேப்-பை நோட்" மட்டும் போட்டுடாதீங்க. ப்ராசஸை மாத்தி மாத்தி வைத்து குழுவைப் பிச்சுடும்.

பதில் 2
ஓபன்எம்பி த்ரெட் (ஒரு ப்ராசஸுக்குள்ளேயே கிளையாக ஓடும் வேலை) எண்ணிக்கை 1 என்று இருக்கான்னும் பாருங்க. அது சொல்லாமல் விட்டிருந்தால் 32 ப்ராசஸும் ஆளுக்குப் பல த்ரெட் கிளப்பி அடிச்சுக்கும்.

கேள்வி கேட்டவர்
என்கே 2 போட்டதும் 64-ல் 27 விநாடி! ரேமுக்கு விலை கேட்டிருக்கேன். இன்னொண்ணு: கரண்ட் போனால் யுபிஎஸ் 20 நிமிஷம் தாங்குது, ஆனா மறுபடி தொடங்கினால் முதலிலிருந்து ஓடுது.

பதில் 1
பாதியில் சட்டென்று செத்த கணக்கை நம்பி ரீஸ்டார்ட் செய்ய முடியாது, முறைப்படி நின்றிருக்கணும். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறினதும், ப்ரிஃபிக்ஸ் (உள்ளீட்டில் கணக்குக்கு நீங்க வைத்த பெயர்) என்பதோடு "டாட் எக்ஸிட்" சேர்த்த ஒரு காலிக் கோப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட் எழுதிடுங்க. அதைப் பார்த்ததும் பிடபிள்யூ நிலையைச் சேமிச்சுட்டு நிக்கும். அப்புறம் ரீஸ்டார்ட் மோடில் தொடங்குங்க.

பதில் 3
கடல் பக்கம்தானே இருக்கீங்க. ஏசி நின்னாலும் சர்வர் அறை ஜன்னலைத் திறக்காதீங்க. உப்புக்காத்து ரேம் கனெக்டரையும் ஃபேனையும் அரிச்சுடும். ரெண்டு நோட்டும் முழுவேகத்தில் சுமார் 1 கிலோவாட் வெப்பம் விடும், 1 டன் ஏசியே போதும். இன்னொரு சின்ன ஏசி மாத்தாக இருந்தால் நிம்மதி.