ஹார்ட்டாக் பிஸ்கட்டின் நடுவில் பூஞ்சை, எங்கே தப்பு?

முத்துநகர்வாசி:
2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். அடுப்பும் சிலிண்டரும் மூழ்கிவிட்டன. மாடியில் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாளை இரண்டு பிரெட் பாக்கெட்டில் ஓட்டினோம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அடுப்பில்லாமல் சாப்பிட ஏதாவது இருப்பு வைக்கவேண்டும் என்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்த ஹார்ட்டாக்கைச் செய்து பார்த்தேன். கோதுமை மாவு இரண்டு கப், தண்ணீர் முக்கால் கப், உப்பு ஒரு ஸ்பூன். அரை அங்குல கனம், ஓவனில் 190 டிகிரி, பக்கத்துக்கு அரை மணி நேரம். கல் மாதிரி வந்தது. இரண்டு மாதம் கழித்து நேற்று உடைத்தால் நடுவில் கோடு போட்டாற்போல் பச்சைப் பூஞ்சை. சிக்கு வாடை வேறு.

அடுப்படி அண்ணாச்சி:
தம்பி, சூடு அதிகம். மேல்தோல் முதலில் இறுகிப்போய் உள் ஈரம் மாட்டிக்கொண்டது. கால் அங்குலத்துக்குத் தேயுங்கள். கம்பியால் அடிவரை நெருக்கமாகக் குத்துங்கள், ஆவி அது வழியாகத்தான் போகும். 120 டிகிரியில் மூன்று மணி நேரம், மறுநாள் இன்னொரு தடவை. பேக்கரியில் ரஸ்க்குக்கு நாங்கள் செய்வதும் இதுதான்: முதலில் ரொட்டி, அப்புறம் வெட்டிக் காயவைப்பது. ஒன்றை முறித்துப் பாருங்கள். டக்கென்று முறியணும், நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்கணும். சிக்கு வாடை கோதுமை முளையில் இருக்கும் எண்ணெயால் வருவது, மைதாவுக்கு மாறுங்கள். நம் கடற்காற்றில் உப்பு ஈரத்தை இழுக்கும், அதை விட்டுவிடலாம்.

கருப்பட்டிக்காரி:
தம்பி, அம்மாவுக்குப் பல் எப்படி? அந்தச் சிப்பாய்களே அதைக் காபியில் ஊறவைத்துத்தான் தின்றார்கள். வண்டு மேலே மிதந்தால் வழித்துப் போட்டுவிட்டுக் குடித்தார்களாம். அம்மாவுக்குக் கெட்டி அவலும் கருப்பட்டியும் எடுத்து வையுங்கள். கால் மணி ஊறினால் போதும், தீயே வேண்டாம். நான் புரட்டாசி கடைசியில் அவலை வெயிலில் காயவைத்து எவர்சில்வர் தூக்கில் அடைப்பேன், தை பிறந்ததும் சமைத்துத் தீர்த்துவிடுவேன். ஆனால் இரண்டுக்குமே நல்ல தண்ணீர் வேண்டும். அதை முதலில் மாடிக்கு ஏற்றுங்கள்.

முத்துநகர்வாசி:
அண்ணாச்சி, துளையே போடவில்லை, இப்போது புரிகிறது. அக்கா, அன்று தண்ணீர்க் கேன் கீழேதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேன் மாடிக்குப் போகிறது. அந்தத் தூக்கு மூடிக்கு ரப்பர் வளையம் உண்டா?

கருப்பட்டிக்காரி:
இல்லை தம்பி. மூடியைச் சுற்றி மைதாப் பசை தடவிய துணியைக் கட்டிவிடுவேன்.