புதுப்பிப்பு: பாட்டியின் பூவரசு இலைப் பீப்பீ ஊதிவிட்டது

பாட்டி செய்வதுபோல் பூவரசு இலையைச் சுருட்டினால் காற்றுதான் வருகிறது, ஓசை வரவில்லை, என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது தெருவே கேட்கும்படி ஊதுகிறது!

பலித்தது, தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் சொன்ன யோசனை. தளிரும் வேண்டாம், முற்றிய இலையும் வேண்டாம். இடைப்பட்டதாக எடுக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கமாகக் கூம்பாகச் சுருட்டி, குறுகிய முனையை விரலால் லேசாக நசுக்க வேண்டும். அந்த நசுக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. தட்டையான ஓரங்கள் மூச்சில் அதிர்ந்து ஒலிக்கின்றன. நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியும் இப்படித்தான்.

எதிர்பாராதது ஒன்று: மேலே இன்னோர் இலையைச் சுற்றி நீளமாக்கினால் ஒலி கனத்துவிடுகிறது. பாட்டி பெரிதும் சிறிதுமாக இரண்டை ஒன்றாக வாயில் வைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தின் பின்னால் எங்களையும் கூட்டிக்கொண்டு ஊதியபடியே போவார். எழுபது வயதில்! திண்ணையில் தாத்தா தலையில் அடித்துக்கொள்வார். அந்த இரட்டைக் குரல் எப்படி வந்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

இலை வாடினால் ஒலி போய்விடும். பறித்தவுடன் சுருட்டுங்கள்.