எல்ஜின் ரோட்டில் ஒரு மேயரின் வீடு

தலைவர்களின் நினைவில்லங்களுக்குப் போய்வந்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். போன டிசம்பரில் கொல்கத்தா போயிருந்தபோது, எல்ஜின் ரோட்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வாழ்ந்த வீடான நேதாஜி பவனைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேதாஜி என்றதும் ராணுவ உடைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது கார்ப்பரேஷன் ஆபீஸ். 22 வருடமாக ஒரு நகராட்சியில் வேலை பார்க்கிறேன். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, இதுதான் என் அன்றாடம். அவரும் இந்த ஃபைல்களைப் பார்த்தவர் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. 1924இல் சுதந்திரப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தா மேயரானபோது, 27 வயது சுபாஷைத் தலைமை நிர்வாக அதிகாரியாகக் கொண்டுவந்தார். மாதச் சம்பளம் 3,000 ரூபாய். 1,500 போதும் என்று பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். இலவச ஆரம்பப் பள்ளிகள், ஊழியர்களுக்குக் கதர்ச் சீருடை என்று வேலை சூடு பிடித்த நேரத்தில், அதே அக்டோபரில் கைது செய்துவிட்டார்கள். அதன்பிறகும் கொஞ்ச காலம் கார்ப்பரேஷன் ஃபைல்கள் சிறைக்குப் போய் வந்துகொண்டிருந்தன. 1930இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் சிறையில் இருக்கும்போதுதான். 1931 ஜனவரி 26 அன்று, மேயர் பதவியில் இருந்தபடியே, ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்து போலீஸ் தடியடி வாங்கினார். ஊரின் மேயரையே அடித்தார்கள்!

சரி, வீட்டுக்கு வருகிறேன். மெட்ரோவில் போவது சுலபம், ஸ்டேஷன் பெயரே நேதாஜி பவன்தான். 1984இல் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் ஓடிய பாதையின் ஒரு முனை அது. அப்பா ஜானகிநாத் போஸ் 1909இல் கட்டிய வீடு.

கீழே கண்ணாடிக்குப் பின்னால், பிரிட்டிஷ் அரசின் கண்காணிப்பிலிருந்து நேதாஜி தப்பிச் சென்ற கார் நிற்கிறது. ஜெர்மன் வாண்டரர், நம்பர் பி.எல்.ஏ. 7169. நான் நினைத்ததைவிடச் சின்ன வண்டி. 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டி, இதில்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் முகம்மது ஜியாவுதீனாக வேஷம் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஓட்டியது அண்ணன் மகன் சிசிர், 20 வயது மருத்துவ மாணவன். வெளியே போலீஸ் உளவாளிகள். தன்பாத் பக்கம் போய், மறுநாள் இரவு கோமோ ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பினான் அந்தப் பையன்.

அப்புறம் மாடி. அவருடைய படுக்கையறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அன்று இரவு அவர் நடந்து போன வழியெங்கும் தரையில் காலடித் தடங்கள். எனக்கு முன்னால் ஒரு வங்காளத் தாத்தா பேரனுடன் வந்தார். பையன் ஒரு தடத்துக்குப் பக்கத்தில் தன் காலை வைத்து அளந்து பார்த்தான். பாதிகூட வரவில்லை. தாத்தா குனிந்து, மெதுவாக நட என்று சைகை காட்டினார். இருவரும் சத்தமே வராமல் படிவரை நடந்தார்கள். நானும் பின்னாலேயே அப்படித்தான் நடந்தேன். தொண்டை அடைத்துவிட்டது.

அவர் போன பிறகும் அறையில் திரை தொங்கியது. உள்ளே தனிமையில் தியானம் என்று பேச்சு. தட்டில் வந்த சாப்பாட்டை வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டுக் காலி செய்தார்கள். ஆள் இல்லை என்று வீட்டார் வெளியே சொன்னது ஜனவரி 26. பத்து வருடத்துக்கு முன் அடி வாங்கிய அதே தேதி.

திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

பினாங்கிலிருந்து ஓர் உறுப்பினரின் பதில்:

அண்ணா, மூன்று வருடம் முன்பு அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதே வீட்டுக்குப் போனேன். எங்கள் பாட்டி பால்மரத் தோட்டத்திலிருந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏறவே சிரமம். ஆனால் இந்திய தேசிய ராணுவப் படங்கள் இருக்கும் இடத்துக்குப் போனதும் உட்காரவே மாட்டேன் என்றார். ஒவ்வொரு படத்திலும் பெண்களின் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தார். பாட்டியைக் காணவில்லை. "எல்லாரும் அம்மா மாதிரியே இருக்காங்கடா" என்றார். நேதாஜி கார்ப்பரேஷனில் வேலை பார்த்த கதையெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்று ராத்திரி அம்மாவுக்கு உங்கள் பதிவைப் படித்துக் காட்டப் போகிறேன்.

அதற்கு என் பதில்:

கட்டாயம் படித்துக் காட்டுங்கள் தம்பி. பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார், படையில் என்ன வேலை பார்த்தார் என்று அம்மாவிடம் கேட்டு இங்கேயே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.