அமெரிக்கச் சிறை மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை இருப்பது யார்?

கொருக்குப்பேட்டை வாசகர்:
எங்கள் வாசகர் வட்டத்தில் சிறை மருத்துவம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், கூட்டாட்சி அரசின் (நம்மூர் வழக்கில் மத்திய அரசின்) கைதிகளுக்கென்றே ஒரு மருத்துவ மையம் இருக்கிறது. அது எப்படித் தோன்றியது, உள்ளே ஒரு நாள் எப்படிக் கழிகிறது? புழல் சிறைக் கைதிக்கு நோய் முற்றினால் போலீஸ் காவலுடன் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்து வருவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, சிறையே மருத்துவமனையாக இருப்பது பிடிபடவில்லை.

ராயபுரம் வழக்கறிஞர்:
நம் அரசமைப்பில் சிறைகள் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை; ஆகவே இங்கே அதற்கு நேரான அமைப்பு கிடையாது. 1894 ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ நோயாளிகளை வைக்கத் தகுந்த இடமோ இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவிலோ 1930 இல் கூட்டாட்சிச் சிறைகளுக்கென ஒரு துறையே அமைந்தது. அவற்றின் மருத்துவப் பொறுப்பு பொதுச் சுகாதாரப் பணித்துறை மருத்துவர்களிடம் போனது. மனநோயாளிகளையும் காசநோயாளிகளையும் தனியே வைக்க இடம் தேடியபோது, பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலைவாய்ப்புக்காகத் தவித்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரமே நிலத்தைக் கொடுத்தது. 1933 இல் மையம் திறக்கப்பட்டது. அல்கட்ராஸ் தீவுச் சிறையில் இருந்தவரும், பறவைகளை ஆராய்ந்ததால் ‘அல்கட்ராஸின் பறவை மனிதர்’ என்று பெயர் பெற்றவருமான கைதி ராபர்ட் ஸ்ட்ரவுட் 1963 இல் இறந்தது இங்கேதான். அடங்காத கைதிகளின் நடத்தையை மாற்றுவதாகச் சொல்லி 1972 இல் இங்கு ஒரு திட்டம் தொடங்கி, நீதிமன்றம் வரை சென்று, 1974 இல் கைவிடப்பட்டது. அந்த அத்தியாயத்தை உங்கள் பேச்சில் விட்டுவிட வேண்டாம்.

1976 இல், பருத்திப் பொதி விழுந்து முதுகில் அடிபட்ட டெக்சாஸ் கைதி ஒருவரின் வழக்கில், கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே அலட்சியப்படுத்துவது அரசமைப்புக்கு விரோதமான கொடுந்தண்டனை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், மருத்துவர் மீது அவர் சொன்ன குற்றச்சாட்டு மட்டும் அதே தீர்ப்பில் எடுபடவில்லை.

பெரம்பூர், ஓய்வு பெற்ற செவிலியர்:
சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார். நான் வார்டுக்குள் வருகிறேன். நம் அரசு மருத்துவமனைகளில் கஞ்சி வாங்கவும், ஸ்கேனுக்குத் தள்ளிச் செல்லவும், இரவில் டிரிப்ஸ் தீர்ந்தால் சிஸ்டரை எழுப்பவும் நோயாளியுடன் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கைதிக்கு அந்த ஆள் இல்லை; வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் மட்டுமே இருப்பார். அவருடைய வேலை வேறு.

ஸ்பிரிங்ஃபீல்டில் அந்தத் துணையாகவும் கைதிகளே இருக்கிறார்கள். உடல்நலமுள்ள கைதிகளை அங்கே தங்கவைத்துச் சமையல், சலவை, துப்புரவு வேலைகளைக் கொடுக்கிறார்கள். சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் சோறூட்டவும், கடிதம் எழுதித் தரவும், கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் கைதித் தொண்டர்களுக்குப் பயிற்சி தரும் திட்டம் 1980களிலேயே வந்துவிட்டது. தற்கொலை எண்ணம் உள்ளவரை முறை வைத்துக் கண்காணிப்பதற்கும் பயிற்சி பெற்ற கைதிகள் அமர்த்தப்படுகிறார்கள்.

மற்றபடி நாள் முழுவதும் சிறைக் கணக்குத்தான். மாலை 4 மணிக்கு எல்லோரும் எழுந்து நின்று தலை எண்ணப்பட வேண்டும். சில மருந்துகளை ஜன்னல் முன் வரிசையில் நின்று ஊழியர் பார்க்க விழுங்க வேண்டும். கூட்டாட்சிச் சிறைகளில் கைதி தானாகக் கேட்டு மருத்துவரைப் பார்த்தால் 2 டாலர் கட்டணம். அவசரத்துக்கும் நாள்பட்ட நோய்க்கும் கட்டணம் இல்லை. சிறை வேலைக்கு மணிக்கு 12 முதல் 40 சென்ட் வரைதான் கூலி என்பதால், அடிமட்டக் கூலிக்காரர் அந்த 2 டாலருக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் உழைக்க வேண்டும். அதற்குப் பயந்தே காய்ச்சலை மறைப்பவர் இருக்கமாட்டாரா?

கொருக்குப்பேட்டை வாசகர்:
மிக்க நன்றி அம்மா. ஒரே ஒரு சந்தேகம்: மருந்தும் ஊசியும்கூட அந்தத் தொண்டர்கள் கையில்தானா?

பெரம்பூர், ஓய்வு பெற்ற செவிலியர்:
இல்லை தம்பி. அவை பணியாளர்களின் பொறுப்பு. தொண்டர் தொடவே கூடாது. வலி கூடிவிட்டது என்று ஓடிப்போய்ச் சொல்லலாம், அவ்வளவுதான்.