ப்ளூயிங் குழல், வால்நட் கட்டை: மெழுகா எண்ணெயா?

பழங்குழல் (கேள்வி)

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. ப்ளூயிங் (குழலின் எஃகுக்குக் கொடுத்த கருநீல மெருகு) முக்கால்வாசி நன்றாக இருக்கிறது. கை பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து சாம்பல் நிறம். இடது குழலில் ஒரு விரல்ரேகை பழுப்பாகப் பதிந்திருக்கிறது, நகம் வைத்தால் லேசாக நெருடுகிறது. கட்டை (தோளில் வைக்கும் மரப்பகுதி) வால்நட், ஆளிவிதை எண்ணெய் மெருகு. ஆக்‌ஷனோடு (குழலைத் திறந்து பூட்டி, சுடும் பொறிமுறை இருக்கும் உலோகப் பகுதி) சேரும் கழுத்தில் மரம் கறுத்து, அழுத்தினால் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது.

தேன்மெழுகு, ஆளிவிதை எண்ணெய், டர்பெண்டைன் மூன்றையும் சம அளவு கலந்து உலோகம், மரம் இரண்டுக்கும் பூசலாம் என்கிறார்கள். அது சரியா? துருவை எடுக்க வினிகர் போடலாமா? ஆண்டில் பெரும்பாலான நாள் பெட்டியில்தான் இருக்கும்.

அரமும்_எண்ணெயும்

வினிகர் பக்கமே போகாதீர்கள். ப்ளூயிங் என்பது பெயிண்ட் இல்லை, அதுவும் ஒரு வகை இரும்பு ஆக்ஸைடுதான் (மேக்னடைட்). சிவப்புத் துருவைக் கரைக்கும் அமிலம் கறுப்பையும் கரைக்கும். வினிகர், எலுமிச்சை, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி எல்லாம் ஒன்றுதான். சில நிமிடங்களில் வெள்ளை இரும்பு எட்டிப் பார்க்கும்.

குண்டு இல்லை என்பதைக் குழல்களின் பின்முனையில் தோட்டா உட்காரும் இரண்டு அறைகளிலும் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழலைக் கழற்றிக்கொள்ளுங்கள். ரேகை மேல் மெல்லிய எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் 0000 எண் (மிக மெல்லிய) எஃகு நாரைப் பஞ்சு மாதிரி உருட்டி, அதையும் எண்ணெயில் நனைத்து, விரல் நுனியின் எடை மட்டும் கொடுத்துத் தேயுங்கள். உலர்ந்த நார் கீறிவிடும். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தரம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஆரஞ்சு நிறம் வந்தால் துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. நிறம் வருவது நின்று, நெருடலும் போய், பழுப்புக் கறை மட்டும் மிஞ்சினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் கறையையும் எடுக்கப் போனால் ப்ளூயிங் சேர்ந்து போகும்.

தேய்ந்த இடத்துக்குப் பாட்டிலில் வரும் கோல்ட் ப்ளூ (சூடில்லாமல் பூசும் கறுப்பாக்கும் திரவம், cold blue) பூச ஆசை வரும். வேண்டாம். நிறம் ஒட்டாது, நிலைக்காது. சரியாகக் கழுவாவிட்டால் அதன் அமிலமே அடுத்த துருவைக் கொண்டுவரும். முழுக் குழலையும் ஹாட் ப்ளூயிங் தொட்டியில் போடச் சொல்பவரிடமும் கொடுக்காதீர்கள். இரட்டைக்குழலின் ரிப் (இரு குழல்களுக்கும் நடுவே நீளமாக ஓடும் உலோகப் பட்டை) பெரும்பாலும் ஈயப் பற்றில் நிற்பது. அந்தக் காரக் குளியல் பற்றை அரிக்கும், உப்பும் ரிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெழுகுத்துணி

சம அளவுக் கலவை மரத்துக்கு நல்லது, உலோகத்துக்கு அரைகுறை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் கெட்டியாகும் எண்ணெய். மரத்தில் அதுதான் நமக்கு வேண்டியது. ஆக்‌ஷனுக்குள் போனால் சில மாதத்தில் மஞ்சள் வார்னிஷ் மாதிரி இறுகி, லீவர் பிசுபிசுக்கும். ஒரே டப்பாவில் எல்லா வேலையையும் முடிக்கப் பார்ப்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. வெளி உலோகத்துக்கு மெழுகு, அசையும் பாகத்துக்கும் குழலின் உட்புறத்துக்கும் மெல்லிய மினரல் எண்ணெய், மரத்துக்கு உலரும் எண்ணெய்.

உலோகத்துக்கான மெழுகு: தேன்மெழுகு 50 கிராம், கார்னாபா (பனை வகை மரத்தின் இலையிலிருந்து வரும் கடின மெழுகு) 10 கிராம், டர்பெண்டைன் 100 மில்லி. கார்னாபா 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும், அதனால் கொதிநீர் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து முதலில் அதையும் பிறகு தேன்மெழுகையும் உருக்குங்கள். அடுப்பை அணைத்து, கிண்ணத்தை அடுப்பிலிருந்து தள்ளி எடுத்துப் போன பிறகுதான் டர்பெண்டைன். 35 டிகிரியிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். ஆறினால் ஷூ பாலிஷ் பதம் வரும். கட்டியாக இருந்தால் இன்னும் 10 மில்லி சேருங்கள்.

பூசும்போது எல்லோரும் தவறவிடுவது உப்பு. வியர்வை உப்பின் மேல் மெழுகு போட்டால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மெழுகுக்கு அடியில் துரு நூல் நூலாக ஓடும். முதலில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, அடுத்து ஒயிட் ஸ்பிரிட்டால் (பெயிண்ட் கரைக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) எண்ணெயை எடுங்கள். ஹேர் டிரையரில் குழலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பட்டாணி அளவு மெழுகு ஒரு பக்கத்துக்குப் போதும். ஐந்து நிமிடம் விட்டுப் பழைய பனியன் துணியால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள், மறுநாள் இன்னொரு பூச்சு. ஃபோரெண்டுக்குள் (குழலுக்கு அடியில் முன்கை பிடிக்கும் மரம்) மறையும் குழலின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், துரு முதலில் பிடிப்பது கண்ணில் படாத அந்த இடத்தில்தான்.

குழலின் உட்புறத்தில் மெழுகு கூடவே கூடாது. சுடுவதற்கு முன் உள்ளே இருக்கும் எண்ணெயையும் உலர்ந்த துணியால் இழுத்து எடுத்துவிட வேண்டும்.

இழைப்புளி

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். தேன்மெழுகில் இயல்பாகவே கொழுப்பு அமிலம் உண்டு. அடிக்கடி துடைத்துப் புதுப்பிக்கும் எஃகுக்கு அது பொருட்டில்லை. பித்தளைப் பாகம் இருந்தால் ஓரங்களில் பச்சை படியும். கேட்டவரின் துப்பாக்கி மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கப் போகிறது, அதற்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகுதான் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) என் ஓட்டு. பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வகத்தில் 1950களின் இறுதியில் உருவான ரெனைசான்ஸ் மெழுகு அந்த வகைதான், அமிலமில்லாதது. விலை கூடுதல், ஒரு டப்பா பல வருடம் வரும்.

இப்போது கழுத்து. அது அழுகல் இல்லை, எண்ணெய் குடித்த மரம். துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் ஆக்‌ஷனில் விட்ட எண்ணெய் இறங்கி, கட்டையின் வெட்டுமுகத்தில் ஊறும். மினரல் எண்ணெய் உலராது, நார்களுக்கு நடுவே தங்கி மரத்தை இளக்கிக்கொண்டே இருக்கும். விரிசல் விடுவதும் அந்தக் கழுத்தில்தான்.

கட்டையைக் கழற்றுங்கள். திருகின் பள்ளத்துக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) விடுவதே மேல். சாக்பீஸ் இல்லை, சுத்தமான சுண்ணாம்புக்கல் பொடியை (கால்சியம் கார்பனேட்) ஒயிட் ஸ்பிரிட்டில் தயிர் பதத்துக்குக் குழைத்து, உலோகம் உட்காரும் வெற்று மரத்தில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். காய்ந்ததும் பொடி மஞ்சளாகியிருக்கும், துலக்கிவிட்டு மறுபடி அப்புங்கள். மூன்று நான்கு தரம் ஆகும். பொடி வெள்ளையாகவே உதிரும் நாளில் நிறுத்தலாம். கறுப்பு முழுதும் போகாது, கெட்டித்தன்மை கொஞ்சம் திரும்பும்.

பிறகு அந்த வெட்டுமுகத்துக்கு பாயில்டு ஆளிவிதை எண்ணெய். பெயர்தான் பாயில்டு, உலரவைப்பது அதில் சேர்த்த உலோக உப்பு. அந்த உப்புச் சேர்க்காத பச்சை எண்ணெய் (raw) வாங்கினால் வாரக்கணக்கில் ஒட்டும். வெளிப்பக்கத்துக்கு நான்கைந்து சொட்டு, உள்ளங்கையால் மரம் சூடேறும்வரை தேய்த்து, 15 நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சுக்கு ஒரு நாள், ஈரமான வானிலையில் மூன்று நாள். தடிமனாக விட்டால் மேலே ஆடை கட்டி அடியில் உலராமலே இருக்கும். செக்கரிங்கில் (பிடிப்புக்காக மரத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய கோடுகள்) பழைய பல்துலக்கியால் மட்டும். அங்கே மெழுகு போனால் வெள்ளை வெள்ளையாக நிற்கும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

பழங்குழல்

மிக்க நன்றி. ஆக்‌ஷனின் உள்பக்கத்தில் நீங்கள் சொன்ன அதே மஞ்சள் படலம் இருக்கிறது, முன்பு யாரோ சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் போல. ஒயிட் ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை. பெட்டியில் எப்படி வைப்பது?

அரமும்_எண்ணெயும்

அசிட்டோன். மரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு, பஞ்சில் நனைத்து 10 நிமிடம் படலத்தின் மேல் ஒட்டவையுங்கள். ஜெல்லி மாதிரி இளகும். மரக்குச்சியால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். அசிட்டோன் போனதும் எஃகு சுத்தமாக வெறுமையாகிவிடும், அதே மணி நேரத்துக்குள் எண்ணெய் காட்டுங்கள். கீல் முனைக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ்.

ஸ்பாஞ்சு வைத்த பெட்டியும் தோல் உறையும் கொண்டுபோக மட்டும். இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், தோலில் பதனிட்ட உப்பும் இருக்கும். ரேக்கில், குழல் வாய் கீழ்நோக்கி, அடியில் மடித்த துணி. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். அதற்கும் கீழே இறக்கினால் மரம் சுருங்கும். சிலிக்கா ஜெல்லோடு ஒரு ஈரமானியும் வையுங்கள். ஜெல் நிறம் மாறியும் கவனிக்காமல் விட்டால் அது சும்மா ஒரு பொட்டலம்தான்.

மெழுகுத்துணி

மாதம் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள், கை பட்ட இடத்தை உடனே துடையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை வெளிக்குழலில் விடுங்கள். முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பரவினால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபூச்சு. சொட்டைத் துடைக்க மறந்துவிடாதீர்கள்.